தளத்தில் ஒரு பூகோள வாத்தியார்

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய பிறகுதான், பாய் எடுத்து வரவில்லை என்பது சத்தியமூர்த்திக்கு உறைத்தது.

அவர் கல்லலில் பூகோள வாத்தியார். பினாங்கு எத்தனை மைல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். டெக் டிக்கெட் என்றால் வெறும் தரை, இடத்தை நாமே பிடிக்க வேண்டும் என்பது மட்டும் அவர் நடத்திய எந்தப் பாடத்திலும் இல்லை.

போகாமல் இருக்கவும் முடியாது. 'தாய்மாமன் மடி இல்லாமல் என் மகளுக்குக் காது குத்த மாட்டேன்' என்று தங்கை நாகவல்லி பினாங்கிலிருந்து எழுதி, டிக்கெட்டும் அனுப்பியிருந்தாள். அவளைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம்.

காற்று வரட்டும் என்று கம்பி ஓரமாக வேட்டியை விரித்தார். ஒரே அலை, ஆளும் வேட்டியும் தொப்பலாக நனைந்தாயிற்று. காய வைக்கப் புகைபோக்கிப் பக்கம் போனார். முதுகு வெந்தது. சமையற்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். மீன் பொரிக்கும் வாடை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாந்தி நிற்க ஒரு மாத்திரை போடச் சொன்னார்கள். நல்லதுதானே என்று நாலு போட்டார்.

கண் விழித்தபோது மறுநாள் மத்தியானம். யாரோ ஓர் அம்மாளின் பாயில், அந்த அம்மாளின் துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எந்திரிச்சிட்டீகளா தம்பி? கஞ்சி குடிங்க."

கீழச்சிவல்பட்டி சோணையம்மாள். ஐம்பது வயது இருக்கும். நேற்றிலிருந்து பாயை விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

கூச்சத்தோடு எழுந்த வாத்தியார் கடலைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். கரை எந்தப் பக்கமும் இல்லை. வகுப்பில் தேசப்படத்தில் ஒரு சாண் நீலமாகக் காட்டுவாரே, அதன் நடுவில் நின்றிருந்தார். கைகூப்பத் தோன்றியது.

"எம்மாம் பெரிசு பாத்தீகளா அக்கா! உங்களுக்குப் பயமா இல்லையா?"

"என்ன பயம்? மகன் அங்குட்டு இருக்கான். இது எட்டாவது நடை."

"எட்டாவதா!"

"இங்குட்டு ஏறுனா அங்குட்டு எறங்கப்போறோம். பஸ்ஸு மாத்தணுமா, வழி கேக்கணுமா? கூடவே நம்ம ஊருச் சனம். மகன் டிக்கெட் அனுப்பிச்சுருவான்."

சத்தியமூர்த்தியின் தலை தானாகக் குனிந்தது. கடல் தாண்டுகிறோம் என்று ஊரைக் கூட்டி மாலை போட்டுக்கொண்டு புறப்பட்டவர் அவர்.

"பாஸ்போட்டு யாரு எடுத்துக் குடுத்தாக தம்பி? எனக்குக் காரைக்குடி ஏஜெண்டு எடுத்தாரு."

"நானே மெட்ராசுக்குப் போயி வாங்கிட்டு வந்தேன்."

சோணையம்மாளின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் அந்தரத்தில் நின்றது.

"மெட்ராசுக்கா? தனியாவா?"

"ஆமா."

வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தவர், தளத்தின் மறுகோடிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்:

"ஏத்தா பொன்னுத்தாயி, ஓடியா! அம்புட்டுத் தூரம் மெட்ராசுக்கே போயிட்டு உசுரோட திரும்பி வந்த மனுசன் இங்க உக்காந்திருக்காருடி!"