ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை

புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருப்பது என்பது பெரிய பெரிய ராஜாங்கங்களையே வாட்டி எடுத்த கேள்வி. மலாயாவில், கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், தோட்டத்துக் கணக்கெழுதும் அமிர்தலிங்கக் கிராணியார் அதை ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் தீர்த்துவைத்தார்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன மறுநாளே துரையின் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். நடுவகிடு எடுத்த தலையை மழுங்கச் சிரைத்துக்கொண்டார். அவருடைய வெள்ளைக்காரத் தொப்பியில் இப்போது கோழி முட்டையிட்டது. ஆபீஸ் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவைத்து, தினமும் கிழக்கே பார்த்து இடுப்பு ஒடியக் குனிவார். "எதுலயும் டோக்கியோதான் நமக்கு முந்தி. கடிகாரத்துலகூட முந்தி. அதைச் சந்தேகப்படுறவன் ராஜத்துரோகி" என்பார்.

அவர் முன்னால்தான் வள்ளிநாயகி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் சன்னாசி அவளுடைய கம்மலைக் கொடுத்து, டயர் இல்லாத சைக்கிள் ஒன்றை வாங்கி வந்திருந்தான். சைக்கிள் இல்லாதவன் மனுஷனே இல்லை என்பது அப்போதைய நாகரிகம். அதை அவன் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே திரிந்தான். மாரியம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூட்டி அவன் உறவைத் தீர்த்துவிட்டாள் வள்ளிநாயகி. மிச்சம் இருந்தது ஆறு வயசு நீலாவதி.

"புள்ள எங்கிட்டயே இருக்கட்டும் ஐயா. அந்தாளு கேக்கவும் இல்ல."

"கேக்காட்டியும் குடுக்கணும். இது கூட்டுச் செழிப்புக் காலம். எல்லாத்தையும் பங்கு போடணும்னு மேலிடத்து உத்தரவு. திங்கள்லேர்ந்து மூணு நாள் அப்பன். அடுத்த மூணு நாள் ஆத்தா."

"வாரத்துக்கு ஏழு நாளுங்களே ஐயா?"

கிராணியார் கண்ணை மூடிச் சிந்தித்தார். "ஏழை ரெண்டாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சும். மிஞ்சுனது சர்க்காருக்கு. ஞாயித்துக்கிழமை புள்ள ஆபீசுக்குச் சொந்தம்."

அதன்படி ஞாயிறுதோறும் நீலாவதி ஆபீஸின் பிள்ளையானாள். ஆபீஸின் பிள்ளை என்ற முறையில் கிராணியாரின் மரவள்ளிப் பாத்தியில் களை பிடுங்கினாள். வள்ளிநாயகிக்கு வயிறு எரிந்தது. ஆனால் உத்தரவை எதிர்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கூலிகளின் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு சயாமிலிருந்து உத்தரவு வந்தது. ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். பிள்ளை இல்லாத ஆண்கள் லாரியில் ஏற வேண்டும், பிள்ளைக்காரனுக்கு விலக்கு. முன்னே ஏறிப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

மறுநாளே தோட்டத்தில் தந்தைப் பாசம் கரைபுரண்டது. பிள்ளையைத் தூக்குவது பொம்பளை வேலை என்றிருந்தவர்கள் கக்கூசுக்கும் பிள்ளையோடு போனார்கள். பிரம்மச்சாரிகள் இடுப்பில் பிள்ளை இல்லாமல், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வருவது அநாகரிகம் ஆனது. ஏழு பெற்றதற்காக நேற்றுவரை கேலிக்கு ஆளான மாரியம்மா, இப்போது பிள்ளைகளை மரவள்ளிக்கிழங்குக்கு இரவல் கொடுத்தாள். சளி பிடித்த பிள்ளைக்குக் கிழங்கு கொஞ்சம் குறைவு.

சன்னாசி திங்கட்கிழமை விடியுமுன்னே வந்து வாசலில் நின்றான்.

"கைக்குழந்தையா இருந்தப்ப ஒருநாள் தூக்கியிருப்பியாய்யா?" என்றாள் வள்ளிநாயகி.

"அப்ப சயாம் ஏது?" என்றான் சன்னாசி.

லாரி எந்த நாள் வந்தால் வசதி என்று ஜப்பான் அதிகாரி கேட்டனுப்பினார். கல்யாணமே ஆகாத கிராணியார், ஞாயிறு என்று பணிவோடு பதில் அனுப்பினார்.

அந்த ஞாயிறும் வந்தது. பெரட்டுக் களத்தில் ஒவ்வோர் ஆணின் இடுப்பிலும் ஒரு பிள்ளை. கிராணியாரின் இடுப்பில் நீலாவதி. சன்னாசி மட்டும் வெறுங்கையோடு ஓரத்தில் நின்றான். அதிகாரி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார், துபாஷியிடம் ஏதோ சொன்னார்.

"அதிகாரிக்கு ரொம்பச் சந்தோஷம்," என்றான் துபாஷி. "ஒண்டிக்கட்டைங்க கேம்ப்லேர்ந்து ஓடிப் போயிடுறானுங்க. புள்ளக்காரன் ஓடமாட்டான். அதனால இந்தத் தடவை புள்ளக்காரங்க மட்டும் ஏறணும். புள்ளைங்கள ஆத்தாகிட்ட விட்டுடுங்க."

அடுத்த நொடி களம் முழுக்கப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். முதலில் இறக்கியவர் கிராணியார். "இது என் புள்ள இல்லீங்க, ஆபீஸ் புள்ள!" மாரியம்மாவின் புருஷன் ஏழு பேரையும் ஒரே மூச்சில் மறுத்தான். சேற்றில் விழுந்து முழங்கால் சிராய்ந்த நீலாவதி, "அப்பா" என்று வீறிட்டாள். சன்னாசி ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டான். யோசித்துத் தூக்கவில்லை. யோசித்திருந்தால் தூக்கியிருக்க மாட்டான்.

"அப்ப இங்க வேற யாருக்கும் புள்ள இல்லையா?" என்று கேட்டான் துபாஷி.

"இல்லவே இல்லலா!" என்று களமே கூவியது.

அதிகாரி சிரித்தார். துபாஷி சொன்னான்: "அப்ப பழைய உத்தரவே இருக்கட்டும். புள்ள இல்லாதவங்க ஏறுங்க."

துப்பாக்கிகள் நெருங்கின. ஏறும்போதும் கிராணியாருக்குச் சட்டம் விடவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை! அந்தப் புள்ள ஆபீசுக்குச் சொந்தம்! சன்னாசி சட்டவிரோதமா வச்சிருக்கான், அவனையும் ஏத்துங்க!"

கம்மலைத் தின்றவன்தான். ஆனாலும் பிள்ளை அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்ததை வள்ளிநாயகி பார்த்தாள். முன்னால் வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நமக்குத்தானுங்க ஐயா. டோக்கியோ எதுலயும் நமக்கு முந்தியாச்சே. அங்க திங்கக்கிழமை ஆயிருக்கும். திங்கக்கிழமை அப்பன் நாளு. அதைச் சந்தேகப்படுறீங்களா?"

டோக்கியோ என்ற பேர் காதில் விழுந்ததும் அதிகாரி நிமிர்ந்து நின்றார். கிராணியார் பிறகு கிழக்கே பார்த்துக் குனிந்துவிட்டு லாரியில் ஏறினார்.

லாரி போன பிறகு லயத்துப் பெண்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். வள்ளிநாயகியும் அழுதாள், தன் மகளுக்கு அப்பன் மிஞ்சினான் என்ற வெட்கத்தோடு அழுதாள்.

மறுநாள் ஜப்பான்காரர்களிடமிருந்து உத்தரவு வந்தது. தோட்டத்தில் மிஞ்சிய ஒரே ஆண் என்பதால் சன்னாசியைக் கிராணியாக நியமித்திருந்தார்கள். வள்ளிநாயகி ஆபீசுக்குப் போய்ப் பார்த்தாள். மழுங்கச் சிரைத்த தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

"புள்ளைய இனிமே எங்கிட்டயே விட்டுடுய்யா" என்றாள்.

சன்னாசி கண்ணை மூடிச் சிந்தித்தான். "மூணு நாள் ஆத்தா, மூணு நாள் அப்பன். ஏழை ரெண்டாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சும். மிஞ்சுனது ஆபீசுக்கு. இது நான் போட்ட சட்டம் இல்ல, பாரு."

வள்ளிநாயகி அவனை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனிடம் முதல்முறையாக மரியாதையோடு கேட்டாள்.

"அடுத்த லாரி எப்பங்க வரும், ஐயா?"