மூன்றாம் வரியில் நிற்கும் பியானோ

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம், எழுதியதாக வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள். இல்லாமல் என்ன, பியானோ இப்போது என் வீட்டில் அல்லவா இருக்கிறது.

முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த கை சும்மா இருந்தால் மரத்துப்போகும் என்று உன் பழைய பியானோவை அனுப்பினாய். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வகுப்பில் நீ கொடுக்கும் எட்டு விதிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாய். தூக்கி வந்தவர்கள் பியானோவைப் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைத்துவிட்டுப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தையல்காரனின் கட்டில். மொட்டைமாடிக் குழாய் யார் பக்கம் ஒழுகுகிறது என்ற சண்டையில் பதினோரு வருடமாக நானும் அவனும் முகம் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அவன் நுரையீரல் கெட்டு, பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பியது மட்டும் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு கையாகப் பழகு என்றது முதல் விதி. ஒரு வாரம் இடது கை மட்டும் வாசித்தேன். அவன் மகள் வந்து நின்றாள். "மாமா, அப்பா கேக்கச் சொன்னார். உங்களுக்கு வலது கை விழுந்துடுச்சா?" அப்போதுதான் அவன் படுத்திருப்பதே தெரிந்தது. தாளம் தப்பாமல் இருக்க, டக் டக்கென்று தட்டும் அந்தக் கருவியை வை என்றது மூன்றாம் விதி. மறுநாள் காலை குழாய் ரிப்பேர்காரர் ஸ்பானரோடு வாசலில் நிற்கிறார். என் குழாய் மறுபடி ஒழுகுவதாகத் தையல்காரன் படுத்தபடியே ஆள் அனுப்பியிருக்கிறான். சாகக் கிடக்கிறவன் சண்டையை விடவில்லை என்பதில் எனக்கு என்னவோ ஒரு நிம்மதி.

ஐந்தாம் விதியில்தான் வந்தது வினை. தப்பு வந்த இடத்தைத் தாண்டாதே, அங்கேயே நின்று திரும்பத் திரும்ப வாசி என்றாய். புத்தகத்தின் முதல் பாட்டு நாலே வரி. மூன்றாம் வரியில் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைய வேண்டிய இடத்தில் முட்டிக்கொள்கிறது. காலையும் மாலையும் அங்கேயே நிற்கிறேன். ஒருநாள் சுவரில் இரண்டு தட்டு, பின்னாலேயே மகள். "அதுக்கு அப்புறம் என்ன வரும்னு கேக்கறார் மாமா. தெரிஞ்சாத்தான் கண்ணை மூடுவாராம்." "வருது, வருதுன்னு சொல்லும்மா" என்றேன். டாக்டர் சொன்ன பத்து நாள் ஐம்பதாகிவிட்டது. அவர் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போகிறார்.

நேற்று, பதினோரு வருடத்துக்குப் பிறகு, அவன் வீட்டுப் படியேறினேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். "இன்னும் எவ்வளவு நாள்யா இழுப்ப?" என்றான். "நீ எவ்வளவு நாள் இழுப்ப?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்கு இருமல் வந்து, மகள் என்னை வெளியே அனுப்பினாள். படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே, ஒரு மனிதன் பாட்டின் முடிவு தெரியாமல் சாகப்போவதற்கு உன் ஐந்தாம் விதிதான் பொறுப்பு. அந்த வரி இந்த விரல்களுக்கு இந்த ஜன்மத்தில் வராது. பியானோவை எடுத்துப்போக உடனே ஆள் அனுப்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும், பியானோ இல்லாமல்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பாதே. மூன்றாம் வரி எனக்கு வந்து ஒரு மாதமாகிறது. அவனை ஊசி போட அழைத்துப்போயிருந்த ஒரு காலையில் நாலு வரியையும் தப்பில்லாமல் வாசித்துப் பார்த்துவிட்டேன். முடித்தால் போய்விடுவான் என்றுதான் தினமும் அங்கேயே நிற்கிறேன். இப்போதுதான் அவன் மகள் வந்தாள். "போதும் மாமா. அவர் களைச்சுப் போயிட்டார். முழுசா வாசிச்சுடுங்க" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆள் அனுப்பாதே. கடைசி வரியை எவ்வளவு மெதுவாக வாசிக்கலாம் என்று மட்டும் எழுது; உன் பதிலைப் பார்த்துத்தான் வாசிப்பேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். போன் செய்யாதே. சாதாரணத் தபாலே போதும்.