ஆல்ஃபா அக்காவின் சிவப்பு ஐசி

மீன் குழம்பில் உப்புப் போதாது என்று பண்டைய கிரேக்க மொழியில் குறை சொல்லத் தெரிந்தவர் மலேசியாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் பிரிக்பீல்ட்ஸில், நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில், என் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம். அக்காவுக்கு நாற்பது வயது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கன்னியாஸ்திரிகள் மடத்தில் வளர்ந்தவர். அங்கே ஓர் ஐரிஷ் சிஸ்டர் பொழுதுபோகாமல் சொல்லிக்கொடுத்த கிரேக்கத்தை, இவர் விடுதிச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் ஓடிவிட்டதால் அவருக்கு ஆல்ஃபா அக்கா என்று பெயர். கடைசியில் மிஞ்சியது மூன்றே பேர்: நான், கிள்ளான் கமலா, யாழ்ப்பாண வம்சத்து ராஜி.

முதல் பாடமே வில்லங்கம். ‘நீ யார்?’ என்பதற்குப் பதில் எழுத வேண்டும். பெயர், அப்பா, ஊர், வேலை எதுவும் வரக்கூடாது. நர்ஸாக இருந்த கமலா ஒரு வாரம் யோசித்து, ‘பசிக்கிறவள்’ என்று எழுதினாள். அக்கா நூற்றுக்கு எண்பது போட்டார்.

கமலாவுக்கும் ராஜிக்கும் யார் பேசுவது நல்ல தமிழ் என்று தினமும் சண்டை. கிரேக்கர்களும் இப்படித்தான், தங்களுக்குப் புரியாத மொழி பேசியவர்களை எல்லாம் ‘பார்பரோஸ்’ என்று ஒதுக்கினார்கள் என்றார் அக்கா. காதில் ‘பார் பார்’ என்று விழுந்ததாம். சண்டை நிற்கவில்லை, இருவருக்கும் புதிதாக ஒரு வசவு கிடைத்ததுதான் மிச்சம். அக்கா அதையும் திருத்தினார்.

“பார்பரோஸ் இல்ல. கூப்பிடும்போது பார்பரே.”

அடுத்த சொல் ‘மெட்டோய்கோஸ்’. ஏதென்ஸிலேயே காலமெல்லாம் வாழ்ந்தும் குடியுரிமை இல்லாதவன். அவனுக்குப் பொறுப்பேற்க ஒரு குடிமகன் வேண்டும். ராஜி உதாரணம் கேட்டாள். அக்கா கைப்பையைத் திறந்து தன் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, மேசைமேல் வைத்தார். எங்களுடையது குடிமக்களுக்கான நீலம். அது சிவப்பு.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் மடத்து வாசலில் விடப்பட்ட குழந்தை அவர். குடியுரிமைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டும் திரும்பி வந்திருந்தன.

“ஏன்கா எங்ககிட்ட சொல்லல?” என்றேன்.

“யாரும் கேக்கலையே லா.”

மூன்றாவது விண்ணப்பத்துக்கு நாங்கள் மூவரும் லீவு போட்டுச் சாட்சி சொல்லப் போனோம். இவரை எப்படித் தெரியும் என்று அதிகாரி மலாயில் கேட்டார். எங்கள் டீச்சர் என்றோம். என்ன பாடம் என்றார். கிரேக்கம் என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கமலாவை ஏதாவது பேசிக் காட்டச் சொன்னார். பதற்றத்தில் கமலாவுக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“பார்பரே.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அர்த்தம் என்ன என்று அதிகாரி கேட்டார். வணக்கம் என்று அர்த்தம் என்றாள் ராஜி, கொஞ்சமும் அசராமல். கமலாவுக்காக அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அதிகாரி மகிழ்ந்துபோய், நாங்கள் கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் ‘பார்பரே’ சொல்லி அனுப்பினார்.

நீல அட்டை வர இரண்டு வருடமானது. அதற்குள் நான் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய்விட்டேன். அடுத்த பொதுத்தேர்தலன்று அக்காவுக்குத் துணையாக பஸ் ஏறி வந்து, சாயங்கால வெயிலில் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். கல்யாணத்தோடு என் ஓட்டும் கிள்ளானுக்கு மாறிவிட்டது என்பதே, பட்டியலில் என் பெயரைத் தேடிய தேர்தல் ஊழியர் உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால்கூட ஓட்டுப்பதிவு முடிவதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. இருந்தாலும் அக்கா உள்ளே போய் வெளியே வரும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.