எர்வின் பென்னரின் வறண்ட மூக்கு

எர்வின் பென்னர் தன் மனைவியிடம் ஒரு பொய் சொல்வதென்று தீர்மானித்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துச் சொன்ன முதல் பொய் இதுதான்.

"ட்ரூடி, எனக்கு மூக்கு ரொம்ப வறண்டு போகுது."

ட்ரூடி முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நம்ம விங்க்ளர் ஊர்ல ஜனவரி மாசம் நாய்க்கே மூக்கு காஞ்சு கிடக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி ஈரமா இருக்கும்?"

"வீட்டுக் காத்துல ஈரமே இல்லை. அதான் பாக்கறேன். ஒரு ஹியூமிடிஃபையர் வாங்கிடலாமா? சின்னது இல்லை. பேஸ்மென்ட்ல ஃபர்னஸோட சேர்த்து மாட்டறது. சூட்டுக் காத்தோட ஈரமும் வீடு பூரா வரும்."

கரண்டி நின்றது. ட்ரூடி இப்போது திரும்பினாள். கையில் கரண்டியோடு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கெட்டில் இருக்கே," என்றாள்.

எர்வினுக்குச் சுருக்கென்றது. அது அவருடைய வசனம். குளிர்காலம் வந்தால் ட்ரூடிக்கு உதடு வெடிக்கும், விரல் நுனி கீறல் விடும், மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும். கம்பளிச் சட்டையைக் கழற்றினால் பட்டாசு வெடிக்கிற மாதிரி சடசடக்கும். எர்வின் போகிறபோக்கில் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஷாக் அடிக்கும். அதனாலேயே நவம்பர் முதல் மார்ச் வரை அந்த வீட்டில் முத்தம் இல்லை. "ஒரு ஹியூமிடிஃபையர் வாங்குங்களேன்" என்று அவள் வருஷா வருஷம் கேட்டாள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போடுகிற, பிடுங்கிய ஆணியைத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் சேர்க்கிற குடும்பத்தில் பிறந்தவர் எர்வின். வருஷா வருஷம் ஒரே பதில் சொன்னார். "கெட்டில் இருக்கே. அடுப்புல வை. ஆவி வரும். ஆவி வந்தா ஈரம்."

இப்போது அது சூடு ஆறாமல் அவர் தலையிலேயே திரும்பி ஊற்றப்பட்டது.

உண்மையில் எர்வினின் மூக்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. காண்டாமிருகத்தின் மூக்கு அது. விஷயம் செல்லோ.

கூடத்தைத் தாண்டிப் போகும் நடையின் கடைசியில் ஒரு கதவு. பூட்டில்லாத கதவு. அதற்குப் பின்னால் அவர்களுடைய ஒரே மகள் மார்லிஸின் அறை. மார்லிஸ் செல்லோ வாசிப்பாள், தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியம். நான்கு குளிர்காலத்துக்கு முன்னால், ரெண்டு நாள் வேலைதானே என்று செல்லோவை வீட்டிலேயே விட்டுவிட்டு வினிபெக் போனாள். திரும்பி வரும் வழியில் காற்று பனியை வாரி நெடுஞ்சாலையில் அடித்தது. எதிரே வந்த லாரி கண்ணுக்குத் தெரியவில்லை. செல்லோ வீட்டில் இருந்ததால் அது மிஞ்சியது.

சர்ச் சபையில் எல்லாரும் வந்து பாடினார்கள். தட்டுத் தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு எல்லாரும் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. எர்வின் அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியைத் தொடவில்லை. ட்ரூடியும் தொடவில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டது கிடையாது. சூப்பைப் பற்றிப் பேசினார்கள். பனியைப் பற்றிப் பேசினார்கள். பனிக்கு அந்த ஊரில் பஞ்சமில்லாததால் நான்கு வருஷம் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து, சாயங்காலச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் சுட்ட இரட்டை பன், பிளம் ஜாம், சீஸ். வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி. அப்போதுதான் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

டக்.

எர்வின் கையிலிருந்த பன் தட்டில் விழுந்தது.

"என்ன சத்தம் அது?"

"வீடு நெட்டி முறிக்குது," என்றாள் ட்ரூடி. "குளிர்ல வேற என்ன செய்யும்? ஜாம் வேணுமா?"

எர்வினுக்கு ஜாம் வேண்டாம். மார்லிஸ் பதினைந்து வயதில் சொன்னது காதில் கேட்டது. "அப்பா, காத்து காஞ்சா செல்லோ பலகை சுருங்கி வெடிச்சிடும். ஈரம் நாற்பது சதவீதத்துக்குக் கீழ போகவே கூடாது." அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் கேட்டது. கெட்டில் இருக்கே.

அறைக்குள் ஒரு சின்ன ஈரக் கருவியை வைத்தால் போதும்தான். ஆனால் வைக்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் பார்க்க வேண்டும். வெடித்திருந்தால்? அவளிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். அதுவும் அவருடைய சிக்கனத்தால் வெடித்திருந்தால்? எர்வின் இரண்டு நாள் யோசித்தார். கதவைத் திறக்காமலே ஈரம் உள்ளே போக ஒரே வழி, தரையில் சூட்டுக் காற்று வருகிற வென்ட். அது எல்லா அறையிலும் உண்டு. இப்படியாக, ஒரு கதவைத் திறக்கப் பயந்தவர் வீடு முழுவதையும் நனைக்கக் கிளம்பினார்.

"கெட்டில் போதாது ட்ரூடி. எனக்கு மூக்குல ரத்தம் வருது."

"எங்கே, பாக்கறேன்."

"இப்ப இல்லை. வரும்."

வந்தது. மறுநாள் காலை ஊறுகாய் பீட்ரூட் ஜாடிக்குள் கைக்குட்டையை முக்கி எடுத்து, மூக்கில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். ட்ரூடி கைக்குட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அய்யோ பாவம். ரத்தம் இவ்ளோ ஊதாவா இருக்கே."

"வயசாச்சுல்ல."

"வினிகர் வாசனை வேற."

"அதுவும் வயசுதான்."

ட்ரூடி கைக்குட்டையை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். "சரி. ஹார்வியைக் கூப்பிடுங்க. ஆனா மலிவா ஒண்ணு பாருங்க. ஒரு மூக்குதானே."

ஹார்வி ப்ளெட் ஊரில் ஃபர்னஸ் மாட்டுகிறவர். சபைப் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் அடிக்குரலில் பாடுகிறவர். காபியும் விளம்பரத் தாள்களுமாகச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார்.

"மூணு வகை இருக்குய்யா. ஒண்ணு, தட்டுல தண்ணி நிக்கும், பஞ்சு உருளை சுத்தும்."

"அது போதும்," என்றாள் ட்ரூடி.

"அதுல பாசி பிடிக்கும்மா. ரெண்டாவது, ஒரு பலகை மேல தண்ணி வழியும், சூட்டுக் காத்து அதைத் தொட்டுக்கிட்டுப் போகும். ஆனா ஃபர்னஸ் ஓடினாத்தான் ஈரம்."

"அது போதும்," என்றாள் ட்ரூடி.

"மூணாவது நீராவி. அதுவே தண்ணியைக் கொதிக்க வெச்சு ஊதும். ஃபர்னஸுக்காகக் காத்திருக்காது. எந்தக் குளிருக்கும் தாங்கும். விலைதான் கொஞ்சம்..."

"தண்ணியைக் கொதிக்க வைக்குதா? அப்ப அதுவும் கெட்டில்தானே. எதுக்குங்க நமக்கு அவ்ளோ பெரிய கெட்டில்? வேண்டவே வேண்டாம்."

மனைவி வேண்டாம் என்றதும் எர்வினுக்கு ரோஷம் வந்தது. "அதுதான் வேணும். நீராவிதான்."

"உங்க இஷ்டம்," என்று ட்ரூடி பெருமூச்சு விட்டாள். "நான் சொன்னா யாரு கேக்கறா."

"எவ்வளவு ஈரம் வைக்க?" என்று கேட்டார் ஹார்வி.

"நாற்பத்தஞ்சு."

"மூக்குக்கு முப்பது போதும்யா. இந்தக் குளிர்ல நாற்பத்தஞ்சு வெச்சா ஜன்னல் பூரா ஐஸ் கட்டும், தண்ணி வழியும், கட்டை இத்துப்போகும். நாற்பத்தஞ்சு எதுக்கு? வீட்ல என்ன பியானோ கியானோ..."

ஹார்வி பாதியில் நிறுத்தினார். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ், செல்லோ வாசிக்கும் மார்லிஸின் முதுகுக்குப் பின்னால் நின்று பாடியவர் அவர். காபிக் கோப்பைக்குள் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாற்பத்தஞ்சே வெச்சிடறேன்," என்றார்.

மிஷின் வந்தது. பேஸ்மென்ட்டில் பெருமூச்சு விட்டுக் கொதித்தது. ஹார்வி சொன்னபடி ஜன்னல்களில் உள்பக்கமே ஐஸ் ஏறியது. மத்தியான வெயிலில் அது உருகிச் சட்டமெல்லாம் வழிந்தது. ட்ரூடி பார்த்தால் குறைக்கச் சொல்லிவிடுவாளே என்று எர்வின் துண்டும் கையுமாக ஜன்னல் ஜன்னலாக ஓடினார். படுக்கையறை ஜன்னலைத் துடைத்து முடிப்பதற்குள் சமையலறை ஜன்னல் அழுதது. இதற்கு நடுவில் ட்ரூடிக்கு உதடு ஆறியது, விரல் ஆறியது. கம்பளிச் சட்டையைச் சத்தமில்லாமல் கழற்றினாள். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துக்கூடப் பாடினாள். எர்வின் தைரியம் வந்து கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துப் பார்த்தார். ஷாக் அடிக்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில்தான் ட்ரூடி சொன்னாள்.

"எல்லா ரூமும் நல்லா ஈரமா இருக்கு. நல்லவேளை, அந்த ரூமுக்கு மட்டும் வீணாப் போகலை."

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "எந்த ரூமுக்கு?"

"அந்த ரூம்தான். வென்ட்டை மூடி வெச்சிருக்கேனே, அப்பவே. ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்கு சூடுன்னு நீங்கதானே சொல்லுவீங்க." சாஸேஜை நிதானமாக வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

எர்வின் தட்டைத் தள்ளி வைத்தார். அத்தனை பெரிய கெட்டில். வீடு முழுக்க மழைக்காலம். அந்த ஒரு அறை மட்டும் பாலைவனம்.

மறுநாள் ட்ரூடி கடைக்குப் போன நேரம், நடையில் மின்னடுப்பை வைத்தார். அதன்மேல் கெட்டிலை வைத்தார். பக்கத்தில் மேஜை விசிறியை வைத்து, ஆவியைக் கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கை நோக்கி ஊதவிட்டார். மண்டி போட்டுக் கதவில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் ட்ரூடியின் குரல்.

"என்ன பண்றீங்க?"

"தரையைத் துடைக்கறேன்."

"விசிறியாலயா?"

"காய வேணாமா?"

ட்ரூடி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவரைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. அவர் தோளைத் தொட்டுக்கொண்டு தாண்டிப் போனாள்.

வியாழக்கிழமை ட்ரூடி சபைப் பெண்களோடு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போகிற நாள். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கச் செருகி வைத்த மின்சார ஒயரைக் காரிலிருந்து பிடுங்கும் சத்தம், காரைக் கிளப்பும் சத்தம், தெருமுனை திரும்பும் சத்தம் எல்லாம் கேட்டு முடித்தபின் எர்வின் கதவு முன்னால் போய் நின்றார். நின்றார். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி நின்றார். கடைசியில், பல் பிடுங்க வாயைத் திறப்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் திருகினார்.

முகத்தில் இளஞ்சூடு பட்டது.

கண்ணைத் திறந்தார். திரையை விலக்கினார். தரை வென்ட் அகலத் திறந்து ஈரக் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. செல்லோ அதன் தாங்கியில் நின்றது, தூசி இல்லாமல். வயிற்றில் இருக்கும் வளைந்த துளையிலிருந்து பச்சை ரப்பர் குழாய் ஒன்று வால் மாதிரித் தொங்கியது. இழுத்துப் பார்த்தார். உள்ளே பஞ்சு, ஈரமாக. சுவரில் ஈரம் காட்டும் ஒரு சின்ன வட்டக் கருவி, முள் நாற்பத்தைந்தில். கட்டிலுக்குப் பக்கத்தில் சமையலறை நாற்காலி. காணாமல் போயிற்று என்று அவர் தேடிக்கொண்டிருந்த நாற்காலி. அதன்மேல் தேய்ந்து அமுங்கிய மெத்தை.

எர்வின் விரலால் செல்லோவின் பலகையை மேலிருந்து கீழ்வரை தடவினார். முன்னால், பின்னால், விளிம்பில். வெடிப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பட்ட கம்பி ஒன்று தணிந்த குரலில் ம்ம் என்றது, தூங்குகிறவளைக் கூப்பிட்டால் தூக்கத்திலேயே பதில் சொல்கிற மாதிரி. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரமோ. வாசலில் கோட்டும் குல்லாயுமாக ட்ரூடி நின்றாள்.

"தையல்?" என்றார் எர்வின்.

"இன்னிக்குத் தையல் இல்லை. தெருவைச் சுத்திச் சுத்தி வந்தேன், இந்தத் திரை விலகுறவரைக்கும். பெட்ரோலே தீர்ந்துடும் போல ஆயிடுச்சு."

"வென்ட்டை மூடி வெச்சிருக்கேன்னு சொன்னே."

"நீங்க ரத்தம்னு பீட்ரூட்டைக் காட்டலையா?"

எர்வின் கைக்குட்டையைத் தேடினார். அது அவளிடம் இருந்தது. துவைத்து, மடித்து. கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கு டக்குனு..."

"வீடு நெட்டி முறிச்சதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

"நீ எப்ப வருவே இங்கே?"

"தினமும். நீங்க காபிக் கடைக்குப் போன அப்புறம்." கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "தனியாவே வந்து தனியாவே போய்க்கிட்டு இருந்தேன். அலுத்துப் போச்சு எர்வின்."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். இருவரும் செல்லோவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், டாக்டருக்காகக் காத்திருப்பவர்களைப் போல.

எதையாவது பேச வேண்டுமே என்று எர்வின் பச்சைக் குழாயைக் காட்டினார். "இந்தப் பஞ்சுக்கு எந்தத் தண்ணி?"

"கெட்டில் தண்ணிதான். கொதிக்க வெச்சு ஆறவெப்பேன். தினமும் நனைப்பேன். அடுப்புல இருக்கு, இன்னிக்கு நீங்களே நனைச்சு வைங்க."

"நாலு வருஷமா கெட்டிலா? கெட்டில் போதுமா?"

"போதும். நீங்கதானே சொன்னீங்க."

கீழே பேஸ்மென்ட்டில், ஊரிலேயே விலை அதிகமான மிஷின் பெருமூச்சு விட்டுக் கொதிக்க ஆரம்பித்தது. எர்வின் தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அப்ப அது எதுக்கு?"

ட்ரூடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கை நன்றாக, ஈரமாக, உறிஞ்சினாள்.

"அது என் மூக்குக்கு."