அவதானத்தை முதலில் எழுதுபவர்

விடையைக் கையில் வைத்துக்கொண்டு பரிசோதனை செய்கிறவர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. நீங்களும் சந்தித்திருப்பீர்கள். வாவிக் கரையில் உள்ள எங்கள் பாடசாலையில் அவர் பெயர் நல்லரத்தினம் சேர். தரம் பத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறார்.

உப்புக் கூடிய பக்கத்துக்கு நீர் இழுபடுவதைக் காட்டும் பிரசாரணப் பரிசோதனை என்றால், முதலில் கரும்பலகையில் அவதானத்தை, அதாவது கண்ணால் பார்த்து எழுத வேண்டியதை, எழுதுவார், அடுத்து முடிவை எழுதி அதன்கீழ் சிவப்புச் சோக்கால் இரண்டு கோடு இழுப்பார், பிள்ளைகள் அத்தனையையும் கொப்பியில் இறக்கி, படம் கீறி, நிறமும் தீட்டிய பிறகுதான் உருளைக்கிழங்கை வெட்டவே விடுவார். பிறகெதற்கு அந்தக் கிழங்கு? போட்டோ எடுக்க!

இம்முறை வாவித் தண்ணீரில் ஐம்பது மில்லிமீற்றர் கிழங்குத் துண்டு. வாவி கடலோடு சேர்வது, அதனால் உப்பு, செறிவு கூடியது, கிழங்கிலிருந்து நீர் வெளியேறும், துண்டு 47 ஆகச் சுருங்கும் என்று பலகை ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எல்லாக் கொப்பியிலும் 47. விதுர்ஷாவின் கொப்பியில் மட்டும் 52. அந்தப் பிள்ளை துண்டை உண்மையாகவே அளந்து தொலைத்துவிட்டது!

"என்ன புள்ள இது? கிழங்கு வளருமா?"

"மாரி வெள்ளம் வந்து வாவி நிரம்பிக் கிடக்கு சேர். இப்ப தண்ணியில உப்பில்ல. அதான் கிழங்கு தண்ணிய இழுத்திருக்கு. வேணுமெண்டா அப்பாட்டக் கேளுங்க, அவர் அதிலதான் வலை போடுறார்."

"கொப்பர் என்ன விஞ்ஞானமா படிப்பிக்கிறார்? வலயப் போட்டிக்கு உன்ட கொப்பியத்தான் அனுப்ப இருந்தன். நாளைக்குத் திருத்திக் கொண்டு வா. இல்லாட்டி வேற ஆள் போகும்."

சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? மூன்று கைப்பிடி உப்பை அள்ளி அந்தக் கிளாசுக்குள் கொட்டினார். இடைவேளை முடிய, கிழங்கு பயந்துபோய்ச் சுருங்கிக் கிடந்தது. "பாத்தியா?" என்றார், வெட்கமே இல்லாமல். இந்த மனுசனின் மண்டைக்குள் மட்டும் எந்தச் செறிவிலும் ஒரு சொட்டு இறங்காது.

வலயப் போட்டி விதுர்ஷாவின் இரண்டு வருட ஆசை. கொப்பியோடு வீட்டுக்குப் போய் அப்பா தங்கராசாவிடம் கேட்டாள். அன்று காலைதான் அவர் வாவித் தண்ணீரில் வாய் கொப்பளித்திருந்தார்.

"உப்பில்லதான் புள்ள, நீ அளந்தது சரி. ஆனா சேரோட என்னத்துக்குக் கொழுவல்? போட்டிக்குப் போகோணுமே. நாப்பத்தேழெண்டே எழுது."

அவள் 52ஐ அழித்தாள். கொப்பி போட்டிக்குப் போய்விட்டது.

சேரை நினைத்துச் சிரிக்கிறீர்கள் அல்லவா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் மகள் சரியாக அளந்துகொண்டு வந்து நின்ற அன்றைக்கு, அழிறப்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தது யார்?