உஷ் அண்ணனும் என் காரின் கரகரப்பும்

ஓசூரையே இரண்டு நிமிடம் வாயடைக்க வைக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் கலெக்டரும் இல்லை, போலீஸும் இல்லை. பாகலூர் ரோட்டில் வண்டி ரேடியோ ரிப்பேர் செய்பவர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் உஷ் அண்ணன்.

ரேடியோவின் இரைச்சலைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஊரின் இரைச்சல் நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அவர் "உஷ்" என்றால் பக்கத்து பஞ்சர் கடை கம்ப்ரசர் நின்றுவிடும். ஹாரன் அடிக்கும் ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் "சும்னிரப்பா" என்று அடக்குவார். தக்காளி லாரிக்காரரிடம் தெலுங்கில் கெஞ்சுவார். ஒருமுறை நெரிசலில் நின்ற டவுன் பஸ் டிரைவரிடம் போய், "அண்ணா, ரெண்டு நிமிஷம் இன்ஜின ஆஃப் பண்ணுங்க. இங்க ஒரு வண்டி பேசிக்கிட்டிருக்கு" என்றார். டிரைவரும் அணைத்தார். யாரோ முக்கியமானவர் இறந்துவிட்டார் என்று நினைத்துப் பயணிகளில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள்.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் என் மனைவி கமலா. வேப்பனப்பள்ளியில் அவளுடைய அப்பாவின் மாந்தோப்பை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். மாம்பூவைக் கெடுக்கும் தத்துப்பூச்சியைப் பற்றி வானொலிக்குப் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த வியாழக்கிழமை காலை ஒலிபரப்பு, ஒரே ஒரு தடவை. வீட்டில் ரேடியோ கிடையாது. செல்போனில் அந்த நிலையம் வரவில்லை. மிச்சம் இருந்தது என் கார் ரேடியோதான். அதிலோ சில நாட்களாக யாரோ விடாமல் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆக்சிலேட்டர மிதிச்சா சத்தம் ஏறுதுங்களா?" என்று கேட்டார் உஷ் அண்ணன்.

"தெரியலைங்க."

"வைப்பர் போட்டா?"

"கவனிக்கலைங்க."

"என்னுங்க சார், சீக்காளியக் கூட்டிட்டு வந்துட்டு, எங்க வலிக்குதுன்னு தெரியாதுங்கறீங்க."

சோதனைக்கு முன் அவர் கடையில் ஒரு சடங்கு உண்டு. எல்லோருடைய செல்போனும் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும். என்னுடையதையும் வாங்கிப் போட்டு மூடினார். பிறகு காரில் ஏறி ரேடியோவைப் போட்டார். பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. இன்ஜினை முறுக்கினார், விளக்கு போட்டார், வைப்பரை ஓட்டினார். அப்பளமே இல்லை.

"இல்லாத சத்தத்துக்கு நான் எங்க சார் வைத்தியம் பண்றது? எப்ப வருது, எப்ப போவுதுன்னு எழுதிக்கிட்டு வாங்க."

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். ஒரு நட்டு இடம் மாறினாலும் குறித்து வைப்பவன். பதினான்கு கட்டங்கள் போட்டேன். நேரம், இடம், வண்டி நின்ற திசை, ஜன்னல் நிலை, டயர் காற்று வரை எழுதினேன். இரைச்சலையும் செல்போனில் பதிவு செய்தேன். தினமும் ஒழுங்காக வந்தது இரைச்சல்.

திங்கட்கிழமை நோட்டோடு போனேன். டின் திறந்தது, மூடியது. ரேடியோ தேன் மாதிரிப் பாடியது.

உஷ் அண்ணன் நோட்டைப் புரட்டிவிட்டு மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வண்டி உங்ககூடத் தனியா இருக்கறப்ப மட்டுந்தான் அழுவுது."

வீட்டில் கமலாவிடம் சொன்னேன். "அதுக்கும் உங்க கணக்கெழுத்து தாங்கல போல" என்றாள். சிரித்தாள்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, "வியாழக்கிழமை கேக்குமாங்க?" என்றாள். நான் நோட்டைத் திரும்பப் புரட்டினேன். வடக்கே பார்த்து நிறுத்தினாலும் இரைச்சல், தெற்கே பார்த்தாலும் இரைச்சல். கடை வாசலில் மட்டும் இல்லை. கடைவாசல் மண்ணில் ஏதாவது இருக்கிறதா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

புதன்கிழமை உஷ் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கே வந்தார். காரின் பின்சீட்டில் ஏறிக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க. தெனமும் பண்றதயே பண்ணுங்க."

செய்தேன். நோட்டை விரித்தேன். பேனாவைத் திறந்தேன். இரைச்சலைப் பதிவு செய்யும்போது சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதே என்று, கொஞ்ச நாள் முன்பு பஸ் ஸ்டாண்டில் வாங்கியதிலிருந்து காரில் ஏறியதுமே மாட்டிப் பழகிவிட்ட சார்ஜரில் செல்போனைச் செருகினேன். ரேடியோவைப் போட்டேன். அப்பளம் பொரிந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து செல்போன் ஒயரை உருவியது. பாட்டு வந்தது. திரும்பச் செருகியது. அப்பளம். நான்கு தடவை செய்து காட்டினார்.

"சார், கரகரப்ப எழுதணும்னு நீங்களே கரகரப்ப உண்டுபண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க. போன் என்னோட டின்னுக்குள்ள போனா அது எப்படி வரும்? நானும் ஒரு மடையன், அத யோசிக்கல."

என் பதினான்கு கட்டங்களில் சார்ஜருக்கு ஒரு கட்டம் இல்லை.

வியாழக்கிழமை காலை அவரே கிளம்பி வந்துவிட்டார். ஓசூரில் பெங்களூர் நிலையங்கள் குறுக்கே வரும் என்று சூளகிரி தாண்டி ஓரமாக நிறுத்தினோம். முன்சீட்டில் கமலா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் குரல் வந்தது. பத்து நிமிடம், ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. எனக்குத் தத்துப்பூச்சி முழுக்கப் புரிந்தது.

முடிந்ததும் உஷ் அண்ணன் முன்னால் சாய்ந்தார். "அக்கா, ஆரம்பத்துல ரொம்ப பயந்துட்டீங்க. ரெண்டு எடத்துல மூச்சு நின்னு வந்துச்சு. அப்பாவோட தோட்டம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் சரியாயிட்டீங்க."

கமலா திரும்பி அவரைப் பார்த்தாள். "ஆமாண்ணா," என்றாள். "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆன எனக்கு அந்த இரண்டு மூச்சும் கேட்டிருக்கவில்லை. உஷ் அண்ணன் நான் தவறவிட்ட அதையும் பத்திரமாக எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் தனியாகப் பேசட்டும் என்று இறங்கிப் போய்ச் சாலையோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.