அடுத்த சுற்றும் ஒரு முருக்கங்கொம்பும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் சேர்ந்து தராத தலையிடியை, ஒஸ்லோ நகரத்து ஸ்டோவ்னரில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த ஒரே மனிதர் தந்தார். ஒரு விடயத்தை அவரைப்போல இழுக்கத் தெரிந்தவர் ஒஸ்லோவில் மட்டுமல்ல, உலகத்திலேயே இல்லை. சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. "அடுத்த சுற்று" என்றால்தான் தெரியும்.

எங்கள் நாட்டில் அரசாங்கமும் போராளி இயக்கமும் சண்டையை நிறுத்தி, நோர்வேக்காரரை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சு இழுபட்டு நிற்கும்போதெல்லாம் எங்கள் சனம் தலையில் கைவைக்கும். இவர் மட்டும் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணெடுக்காமல், "பயப்பிடாதேங்கோ, அடுத்த சுற்றிலை சரிவரும்" என்பார்.

அதனால் எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் என் கடைக்குட்டி மகன், கட்டினால் அவருடைய மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அந்தப் பிள்ளைக்கும் விருப்பம். சாதகமும் பொருத்தம். தகப்பனுக்கும் சம்மதம்தான், கொள்கையளவில்.

"அதென்ன தம்பி, கொள்கையளவிலை?"

"கலியாணம் ஊரிலை எங்கடை வீட்டு வளவிலை நடக்கவேணும் அக்கா. கன்னிக்கால் அந்த மண்ணிலைதான் ஊன்றுவன். சமாதானம் வரட்டும்."

கலியாணத்துக்கு முன் முள்முருக்கங்கொம்பு ஊன்றுவது எங்கள் வழக்கம். அதுதான் கன்னிக்கால். அவருடைய வளவோ ஆமி பிடித்து வைத்திருந்த உயர்பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்குள் கிடந்தது. ஆமிக்காரன் எழும்பினால்தான் என் மகனுக்குக் கலியாணம்!

ஒருமுறை நாள் குறிக்கப் போனேன். மேசையின் ஒரு பக்கம் என்னை இருத்தி, எதிரே தான் இருந்தார். நடுக்கதிரையில் பக்கத்து வீட்டு நோர்வேக்காரக் கிழவர். ஒரு சொல் தமிழ் தெரியாது.

"இவர் ஏன்?"

"நடுவர் வேணும் அக்கா. இல்லாட்டி நாளைக்கு நீங்கள் ஒண்டு சொல்லுவியள், நான் ஒண்டு சொல்லுவன்."

நடுவர் வடைத்தட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார். நான் பொறுமை இழந்து, "தைமாதம் வைப்பம், முடிவாச் சொல்லுங்கோ" என்றேன். அவ்வளவுதான். மனிதர் எழும்பினார். சப்பாத்துப் போட்டார், குளிருக்கு ஜாக்கெற் போட்டார், வெளிநடப்புச் செய்தார். தன் சொந்த வீட்டிலிருந்து!

கதவுத் திறப்பை உள்ளே விட்டுவிட்டுப் போனதால், கொஞ்ச நேரத்தில் அவரே கதவைத் தட்டினார். மகள்தான் திறந்தாள்.

"அப்பா, எனக்கு நரைச்சாப் பிறகோ கட்டித் தரப்போறியள்?"

என்னிடம் திரும்பி, "பேச்சு சுமுகமாப் போச்சுது அக்கா" என்றார்.

"திகதி?"

"அது அடுத்த சுற்றிலை."

இப்படியே வருடங்கள் போயின. மகனுக்கு முன்மண்டை வெளிக்கத் தொடங்கியது. பேச்சு முறிந்து, ஊருக்குப் போகும் பாதை பூட்டி, திரும்பவும் குண்டு விழத் தொடங்கியது. இனி என்ன சாட்டுச் சொல்லப்போகிறார் பார்ப்போம் என்று, ஏசுவதற்கு எல்லாச் சொல்லையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு படியேறப் புறப்பட்டேன். கதவைத் திறந்தால் அவரே என் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பூச்சாடி. அதில் காய்ந்த கொம்பு ஒன்று, ஒரு துளிர்கூட இல்லை.

"பாதை திறந்திருக்கேக்கை ஊருக்குப் போனனான் அக்கா. வளவுக்குள்ளை விடேல்லை. எங்கடை வேலி முருக்கு கம்பிக்கு வெளியிலை எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டது. ஒரு கொப்பு முறிச்சுக் கால்சட்டைக்குள்ளை ஒளிச்சுக் கொண்டந்தன். ஹீற்றருக்குப் பக்கத்திலை வைச்சும் தழைக்கேல்லை." பூச்சாடியை என் பக்கம் நீட்டினார். "வளவுக்கு நாங்கள் போகேலாது. வளவு வந்திருக்கு. எங்கை ஊன்றுவம்?"

ஆயத்தமாக வைத்திருந்த ஏச்சையெல்லாம் விட்டுவிட்டுப் பூச்சாடியை இரண்டு கையாலும் வாங்கினேன்.

வெளியே நிலம் கல்லாக உறைந்து கிடந்ததால் மண் நிரப்பிய வாளியில்தான் கன்னிக்கால் ஊன்றினோம். கொம்பு சாய்ந்துவிடும் என்று ஐயர் மந்திரம் முடிக்கும்வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். நடுவர் கிழவர் முன்வரிசையில் இருந்து வடை சாப்பிட்டார்.

சரி, எழுத்துக்கூட்டி ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். பிள்ளை, இஞ்சை வா. உன்ரை அம்மப்பாவைப் பற்றித்தான். முதலிலை இருந்து வாசி, பிழை இருந்தால் சொல்லு. நான் அவரை ஏசின இடங்களை மட்டும் மெல்லமா வாசி. செய்தி பாத்தபடியே கதிரையிலை நித்திரையாப் போனார், பாவம், எழும்பிப்போடுவார்.